பாலக்கீரையில் அயோடின் ஏற்றுவது: மூன்று தொட்டி, ஆறு வாரம், முழுமையான வழிகாட்டி

பாலக்கீரைக்கு அயோடின் கொடுத்து, மண்வழியாகவும் இலைவழியாகவும் அது கீரையில் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் சோதனை இது. மொட்டை மாடியில் நானும் சில முறை செய்துவிட்டேன், கல்லூரி மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்காகச் செய்யும்போது பக்கத்தில் நின்றும் பார்த்துவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். செடியைப் பற்றியே யோசிப்பார்கள், மண்ணை மறந்துவிடுவார்கள். அயோடினுக்காகச் செடியோடு போட்டி போடுவது மண். அந்தப் போட்டியில் பெரும்பாலும் மண்தான் ஜெயிக்கும். கீழே உள்ள வரிசை முழுக்க இந்த ஒரு விஷயத்தை வைத்து அமைத்தது. படிகளை முன்பின்னாக மாற்றினால் கடைசியில் ஆய்வக முடிவு வரும்போது மூன்று தொட்டிக்கும் ஒரே எண் வரும், அல்லது எதற்கு எந்த எண் என்றே புரியாது.

1. வேருக்கு வெளியே நடப்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

மண்ணில் அயோடின் மூன்று உருவில் இருக்கிறது: அயோடைடு, ஆக்சிஜனோடு சேர்ந்த அயோடேட், மட்கோடு பிணைந்த அயோடின். சாதாரண மண்ணில் மொத்தமாகக் கிலோவுக்குச் சில மில்லிகிராம் இருக்கும். ஆனால் தண்ணீரில் கரைந்து வேருக்குக் கிடைப்பது அதில் மிகச் சிறு பங்கு. மட்கு ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும், இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் இன்னொரு பக்கம் பிடித்துக்கொள்ளும். நீங்கள் புதிதாக ஊற்றும் அயோடினுக்கும் இதே கதிதான், அதுவும் சில நாட்களுக்குள்.

கரைசலில் மிஞ்சியதை வேர் எடுக்கிறது. அயோடைடு, குளோரைடு நுழையும் வழிகளிலேயே உள்ளே போகிறது என்பதுதான் பொதுவான கருத்து. அயோடேட்டை வேர் முதலில் அயோடைடாக மாற்றிவிட்டுத்தான் பெரும்பாலும் உள்ளே விடுகிறது. அதனால்தான் அயோடேட் மெதுவாக ஏறும், செடியைச் சுடுவதும் குறைவு.

உள்ளே வந்தது சைலம் குழாயில் தண்ணீரோடு சேர்ந்து இலைக்குப் போகிறது. இலையிலிருந்து உணவைக் கடத்தும் ஃபுளோயம் குழாய் வழியாகத் திரும்பி இறங்குவது கொஞ்சம்தான். எந்தப் பயிரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இதுவே பதில். தக்காளி, நெல், உளுந்து எல்லாம் இந்தச் சோதனைக்குச் சரிப்படாது, ஏனென்றால் பழத்துக்கும் தானியத்துக்கும் போய்ச் சேர்வது குறைவு. கீரை சரி.

செடிக்கு அயோடின் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். தழை, மணி, சாம்பல் சத்துப் போல இது இல்லாமல் செடி வளராது என்று பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. 2021-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஆய்வகங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் சில புரதங்களில் அயோடின் இணைந்திருப்பதைக் காட்டினார்கள். இலையில் ஒளிச்சேர்க்கை சார்ந்த புரதங்களிலும், வேரில் பெராக்சிடேஸ் போன்ற நொதிகளிலும் அது இருந்தது. இன்னொரு பக்கம், செடி கொஞ்சம் அயோடினை மெத்தில் அயோடைடு என்ற ஆவியாக்கிக் காற்றிலும் விடுகிறது. ஆகவே கொடுத்த கணக்கும் கிடைத்த கணக்கும் ஒருபோதும் பொருந்தாது. அதற்காகப் பதற வேண்டாம்.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

40 × 50 செ.மீ அளவுள்ள மூன்று செவ்வகத் தொட்டிகள், அடியில் வைக்க மூன்று தட்டுகள். ஆய்வகத் தரப் பொட்டாசியம் அயோடேட் 25 கிராம். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு. ஊசியில்லாத 10 மி.லி சிரிஞ்ச் இரண்டு. சிறிய சென்ட் பாட்டில் மாதிரியான ஸ்ப்ரேயர். பழுப்பு நிறக் கண்ணாடிப் பாட்டில். காய்ச்சி வடித்த தண்ணீர் ஐந்து லிட்டர். கையுறை.

சமையலறைத் தராசு போதாதா என்று கேட்காதீர்கள். ஒரு கிராம் தாவும் தராசில் 1.69 கிராம் எடுக்க முடியாது.

பொட்டாசியம் அயோடைடு ஏன் வேண்டாம்? அது வெளிச்சத்திலும் ஈரத்திலும் மஞ்சளாகிவிடும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினும் அதை அயோடினாக மாற்றிவிடும். அயோடேட் அலமாரியில் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். நம் ஊர் உப்பிலும் அதைத்தான் சேர்க்கிறார்கள். ஒரே எச்சரிக்கை, அது ஆக்சிஜனேற்றி, மற்றப் பொருட்களை எரியத் தூண்டும். காகிதம், சர்க்கரை, கந்தகத்தூள் பக்கத்தில் வைக்காதீர்கள்.

வாங்கக் கூடாதவை இரண்டு. முதலாவது, புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்து. ஒரு மாணவர் அதைத் தண்ணீரில் கலந்து தெளித்தார். மறுநாள் காலையில் இலை முழுக்கத் தீக்குச்சியால் சுட்ட மாதிரி பழுப்புப் புள்ளிகள். தனி அயோடின் திசுவைச் சுட்டுவிடும்.

இரண்டாவது, அயோடின் உப்பு. கேட்க எளிதாக இருக்கும், கணக்குப் போட்டால் தெரியும். நமக்கு ஒரு தொட்டிக்குத் தேவை 10 மி.கி அயோடின். உப்பில் கிலோவுக்கு 30 மி.கி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் தொட்டிக்கு 330 கிராமுக்கு மேல் உப்பு கொட்ட வேண்டும். கீரை அன்றைக்கே போய்விடும்.

3. மண் கலவை: தோற்பது பெரும்பாலும் இங்கேதான்

மாடித்தோட்டம் என்றதும் கை தானாகத் தேங்காய் நார்க்கழிவுக்குப் போகும். இந்தச் சோதனையில் அதைத் தொடாதீர்கள். நார்க்கழிவும் மண்புழு உரமும் அயோடினைப் பிடித்து வைக்கும். என் முதல் முயற்சியில் பாதிக்குப் பாதி நார்க்கழிவு போட்டு, அயோடேட்டையும் தொடக்கத்திலேயே கலந்துவிட்டேன். நாற்பது நாள் கழித்துக் கீரையை அறுத்து அனுப்பினால், ஒன்றும் போடாத தொட்டிக்கும் அதற்கும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசமே இல்லை. மண் முழுசாக விழுங்கிவிட்டது.

தோட்ட மண் மூன்று பங்கு, ஆற்று மணல் அல்லது எம்-சாண்ட் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் அரைப் பங்கு. இவ்வளவு போதும். மூன்று தொட்டிக்கும் தேவையானதைத் தரையில் ஒரே குவியலாகக் கொட்டிக் கலந்த பிறகுதான் பிரித்துப் போட வேண்டும். மாட்டுக்குக் கொடுக்கும் தாது உப்புக் கலவையில் அயோடின் இருப்பதால் சாணத்திலும் அது வரும். ஒரு தொட்டிக்கு ஒரு சாக்கு, இன்னொன்றுக்கு வேறு சாக்கு என்று போட்டால் ஒப்பீடு கெட்டுப்போகும்.

செம்மண் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். மண் அமிலத்தன்மையோடு இருந்தால் அது அயோடேட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். கார அமில நிலை 7-க்குப் பக்கத்தில் இருக்கும் மண்ணாகக் கிடைத்தால் நல்லது.

கடற்பாசி உரத் திரவம் வைத்திருப்பவர்கள் அதை இந்த ஆறு வாரமும் பூட்டி வையுங்கள். பாசியிலேயே அயோடின் இருக்கிறது. “கீரை வாடுது, கொஞ்சம் அடிச்சு விட்டேன்” என்று வீட்டில் யாராவது எல்லாத் தொட்டிக்கும் அடித்துவிட்டால் கதை முடிந்தது. வீட்டில் முன்பே சொல்லி வைப்பது நல்லது.

4. விதைப்பும் பெயர் ஒட்டுவதும்

பாலக் விதையை ஆறு மணி நேரம் ஊறவைத்து, வரிசைக்கு வரிசை 10 செ.மீ விட்டு ஊன்றுங்கள். ஒரு விதைக் கொத்திலிருந்து இரண்டு மூன்று முளை வரும். பத்தாம் நாள் கலைத்து, ஒவ்வொரு தொட்டியிலும் ஒரே எண்ணிக்கையில் செடிகளை விடுங்கள். செடி கூடினால் அயோடின் பங்கு பிரியும், எண்ணிக்கை முக்கியம்.

தொட்டிகளுக்கு ‘வெறும்’, ‘மண்’, ‘இலை’ என்று எழுதி ஒட்டுங்கள். முதலாவதுக்கு அயோடின் கிடையாது, இரண்டாவதுக்கு மண்ணில் ஊற்றுவோம், மூன்றாவதுக்கு இலையில் தெளிப்போம். அ, ஆ, இ என்று எழுதினால் நான்காவது வாரத்தில் எது எது என்று மறந்துபோகும்.

வெறும் தொட்டி எதற்கு என்று சிலர் அதை விட்டுவிடுவார்கள். உங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலேயே அயோடின் இருக்கலாம், கடலோரத்தில் மழையோடும் வரும். இந்தத் தொட்டி இல்லாமல், கீரையில் இருக்கும் அயோடின் நீங்கள் கொடுத்ததா, தானாக வந்ததா என்று சொல்லவே முடியாது. கல்லூரி ப்ராஜெக்ட் என்றால் ஒவ்வொன்றுக்கும் மூன்று தொட்டி, மொத்தம் ஒன்பது வையுங்கள். ஒரே தொட்டியை வைத்து எழுதிய முடிவை எந்த வழிகாட்டியும் திருப்பி அனுப்பிவிடுவார்.

5. மூலக் கரைசல்

பொட்டாசியம் அயோடேட்டின் எடையில் 59.3 சதவீதம்தான் அயோடின். 1.69 கிராம் எடுத்துக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து, சரியாக ஒரு லிட்டராக்குங்கள். இதில் ஒரு மி.லிக்கு ஒரு மி.கி அயோடின் இருக்கும். பிறகு எல்லாக் கணக்கும் மனக்கணக்காகிவிடும்.

முதலில் 800 மி.லியில் கரைத்துவிட்டு, பிறகு லிட்டர் கோடு வரை ஊற்றுங்கள். லிட்டர் தண்ணீரில் பொடியைப் போடுவதும் இதுவும் ஒன்றல்ல. இந்த அளவுக்குப் பெரிய பிழை வராதுதான், ஆனால் பழக்கம் நல்லது.

பெரிய பிழை புள்ளியில் வரும். 1.69-க்குப் பதில் 16.9 கிராம் போட்டவரைப் பார்த்திருக்கிறேன். அதுவும் நன்றாகக் கரையும், நிறமும் இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. எடை போடும்போது பக்கத்தில் ஒருவர் எண்ணை உரக்கப் படிக்கட்டும். பாட்டிலில் பெயர், செறிவு, தேதி, ‘குடிக்கக் கூடாது’ நான்கையும் எழுதுங்கள்.

6. எந்த நாளில் கொடுப்பது

விதைத்ததிலிருந்து 26-ஆம் நாளும் 33-ஆம் நாளும். அறுப்பு 40-ஆம் நாள்.

முன்பே கொடுத்தால் இரண்டு இழப்பு. மண்ணில் போட்டது மண்ணோடு பிணைந்துவிடும். இலையில் தெளித்தது அந்தச் சின்ன இலையிலேயே நின்றுவிடும், பிறகு வரும் புது இலைக்கு நகராது. ரொம்பத் தாமதித்தால் இலை மேல் உப்பாகப் படிந்து கழுவும்போது போய்விடும். கடைசித் தெளிப்புக்கும் அறுப்புக்கும் ஒரு வாரம் இடைவெளி இருந்தால் உள்ளே போக நேரம் கிடைக்கும்.

‘மண்’, ‘இலை’ இரண்டு தொட்டிக்கும் மொத்த அளவு ஒன்றே: தலா 10 மி.கி அயோடின், ஒரு தடவைக்கு 5 மி.கி. அதாவது சதுர மீட்டருக்கு 50 மி.கி, எக்டேருக்கு அரை கிலோ. ஜெர்மனியில் லெட்டூஸ் கீரை வயல்களில் இலைவழியாக நல்ல பலன் தந்த அளவு ஏறக்குறைய இதுதான். மண்வழியாக அதே பலனுக்குப் பல மடங்கு தேவைப்பட்டது. நம் சோதனையில் மண் தொட்டிக்கும் அதே 10 மி.கி தான் தருகிறோம், எந்த வழி எவ்வளவு சேர்க்கிறது என்று பார்ப்பதே நோக்கம். கூடவே போகும் பொட்டாசியம் 3 மி.கி மட்டும், அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை.

7. ‘மண்’ தொட்டிக்கு ஊற்றுவது

முதலில் எல்லாத் தொட்டிக்கும் கொஞ்சம் வெறும் தண்ணீர் தெளித்து மண்ணை ஈரமாக்குங்கள். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வெடிப்பு வழியாக நேராக அடித்தட்டுக்கு ஓடிவிடும்.

5 மி.லி மூலக் கரைசலை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, செடியின் அடியில் மெதுவாக ஊற்றுங்கள், இலையில் படக்கூடாது. தட்டில் வடிந்ததை எடுத்துத் திரும்ப மண்ணிலேயே ஊற்ற வேண்டும். மண் பிடிக்கும் முன் அயோடேட் தண்ணீரோடு எளிதாகக் கசிந்து போகும், அந்தத் தட்டைக் கொட்டினால் உரத்தையும் சேர்த்துக் கொட்டுகிறீர்கள். மற்ற இரண்டு தொட்டிக்கும் அன்று தலா ஒரு லிட்டர் வெறும் தண்ணீர்.

தண்ணீர் தேங்க விட்டால் இன்னும் ஏறுமே என்று ஒருவர் கேட்டார். கேள்வி சரிதான். காற்றில்லாத சேற்றில் பிடிபட்ட அயோடின் அயோடைடாகி விடுபடும். ஜப்பானில் எரிமலைச் சாம்பல் மண்ணில் மேட்டு நிலத்தை நெல் வயலாக மாற்றியபோது, இப்படி விடுபட்ட அயோடினே நஞ்சாகி நெல் இலை சிவந்து காய்ந்தது. அதற்கு அங்கே ‘அகாகாரே’ என்று பெயர். பாலக்கின் வேர் சேற்றில் அழுகிவிடும், எனவே நமக்கு அந்த வழி வேண்டாம்.

8. ‘இலை’ தொட்டிக்குத் தெளிப்பது

ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மி.லி திரவ சோப்பு கலந்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் 15 மி.லி, மூலக் கரைசல் 5 மி.லி, மொத்தம் 20 மி.லி ஸ்ப்ரேயரில் ஊற்றுங்கள். மற்ற இரண்டு தொட்டிக்கும் 15 மி.லி சோப்புத் தண்ணீரோடு 5 மி.லி வெறும் தண்ணீர் கலந்து தெளிக்க வேண்டும். இல்லையென்றால் வித்தியாசம் சோப்பால் வந்ததா என்ற சந்தேகம் நிற்கும்.

சோப்பு ஏன்? பாலக் இலையில் வெறும் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் குனிந்து பாருங்கள். துளிகள் முத்து முத்தாக நின்று, இலை கொஞ்சம் ஆடினதும் நடு நரம்புக்கு உருண்டு, காம்பு வழியாக மண்ணில் இறங்கிவிடும். சோப்பு கலந்ததும் துளி தட்டையாகப் படர்ந்து ஒட்டிக்கொள்ளும். உள்ளே போவது அந்த ஈரப் படலத்திலிருந்துதான்.

மாலை ஐந்தரைக்கு மேல் தெளியுங்கள். மதிய வெயிலில் துளி இரண்டு நிமிடத்தில் காய்ந்து உப்பாகிவிடும். காய்ந்த உப்பு இலைக்குள் போகாது, விளிம்பைச் சுடத்தான் செய்யும். மறுநாள் மழை வரும் என்றால் தள்ளிப் போடுங்கள்.

தெளிக்கும் முன் மண்ணைச் செடிகளுக்கு இடையே அலுமினியத் தாளால் மூடுங்கள். சொட்டியது மண்ணில் சேர்ந்தால் அது இலைவழியா மண்வழியா என்று பிரிக்க முடியாது. தொட்டியையும் தனியாக மாடியின் இன்னொரு மூலைக்குத் தூக்கிப் போய்த் தெளியுங்கள், காற்றில் போகும் சாரல் வெறும் தொட்டியைக் கெடுக்கும். இரண்டையும் செய்ய எல்லோருக்கும் சோம்பல். நானும் ஒரு தடவை செய்யவில்லை, அந்தத் தடவை வெறும் தொட்டியிலேயே அயோடின் ஏறி வந்தது.

ஸ்ப்ரேயர் அடியில் எப்போதும் இரண்டு மூன்று மி.லி நிற்கும். 5 மி.லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அதையும் அதே தொட்டிக்குத் தெளித்துவிடுங்கள்.

9. இலை சொல்வதைக் கவனிப்பது

தெளித்த மூன்றாம் நாள் வரை தினமும் பாருங்கள். ஊசி முனை அளவில் ஓரிரு பழுப்புப் புள்ளி இருந்தால் பரவாயில்லை. விளிம்பு முழுக்கக் கருகினால் செறிவு கூடிவிட்டது, இரண்டாவது தெளிப்பை நிறுத்திவிட்டு மூலக் கரைசலைச் சந்தேகப்படுங்கள். மண் தொட்டியில் முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் அதுவும் அதிக அயோடினின் அறிகுறியாக இருக்கலாம், ஏனென்றால் தண்ணீரை அதிக நாள் இழுத்த இலையில்தான் அதிகம் சேர்ந்திருக்கும். மூன்று தொட்டியிலும் ஒரே மாதிரி மஞ்சள் என்றால் அது தழைச்சத்துக் குறை, அயோடினுக்குச் சம்பந்தமில்லை.

10. அறுப்பும் மாதிரி எடுப்பதும்

வெறும், மண், இலை என்ற வரிசையிலேயே அறுங்கள். கத்தியை ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். இந்த வரிசையில் போனால் தவறிப்போய் ஒட்டிச் செல்வதும் குறையும்.

ஒவ்வொரு தொட்டியிலும் ஒரே வயது இலைகளை எடுக்க வேண்டும். வெளிப்புறத்திலிருந்து இரண்டாவது, மூன்றாவது இலைகள் சரியாக இருக்கும். ஒன்றில் கிழட்டு இலை, இன்னொன்றில் குருத்து என்று எடுத்தால் இலையின் வயதைத்தான் அளக்கிறீர்கள். காம்பைக் கிள்ளிவிட்டு இலைப் பரப்பை மட்டும் வையுங்கள்.

‘இலை’ தொட்டி மாதிரியை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியைக் கழுவாமல், மறு பாதியை ஓடும் தண்ணீரில் அரை நிமிடமும் பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரிலும் கழுவி அனுப்புங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மேலே ஒட்டியிருந்தது.

பச்சை எடையைக் குறித்துவிட்டு உலர்த்துங்கள். சூடு 60 டிகிரிக்கு மேல் போகவேண்டாம், அதிகச் சூட்டில் அயோடின் ஆவியாகிப் போகும் ஆபத்து உண்டு. வெயிலில் காய வைப்பதும் கூடாது.

11. ஆய்வகத்தில் கேட்க வேண்டிய கேள்வி

“அயோடின் பார்ப்பீர்களா” என்று கேட்டால் எல்லோரும் பார்ப்போம் என்பார்கள். “எதில் கரைப்பீர்கள்” என்று கேளுங்கள். மற்ற தாதுக்களுக்குச் செய்வது போல நைட்ரிக் அமிலத்தில் திறந்து வைத்துக் கொதிக்கவிட்டால் அயோடின் ஆவியாகிவிடும், எண் குறைந்து வரும். டெட்ராமீத்தைல் அமோனியம் ஹைட்ராக்சைடு போன்ற காரத்தில் பிரித்து, மிகச் சிறு அளவையும் காட்டும் ஐசிபி-எம்எஸ் கருவியில் அளக்கும் இடம் வேண்டும்.

உப்பைச் சோதிக்கும் கிட்டை இலைச் சாற்றில் விட்டுப் பார்த்து “நீலம் வரவில்லை, அயோடின் ஏறவில்லை” என்று முடிவு செய்தவர்கள் உண்டு. அந்தக் கிட் உப்பில் உள்ள அயோடேட்டுக்கானது. இலையில் இருக்கும் அளவும் மிகக் குறைவு, வரும் கொஞ்ச நீலத்தையும் கீரையின் வைட்டமின் சி அழித்துவிடும். பள்ளியில் இலை மேல் அயோடின் விட்டு நீலம் பார்த்தோமே, அது மாவுச்சத்துச் சோதனை, இதற்கும் அதற்கும் உறவில்லை.

12. வந்த எண்ணைப் படிப்பதும், சாப்பிடலாமா என்பதும்

முடிவு பெரும்பாலும் உலர் எடைக்கு வரும். கீரையில் 90 சதவீதம் தண்ணீர் என்று கொண்டால், உலர் எடையில் கிலோவுக்கு 1 மி.கி என்பது பச்சைக் கீரை 100 கிராமில் 10 மைக்ரோகிராம். இதைச் செய்யாமல் உலர் எண்ணையே தட்டில் வைக்கும் கீரைக்குச் சொன்னால் பத்து மடங்கு பிழை. உங்கள் சொந்தப் பச்சை எடை, உலர் எடையை வைத்துப் போடுவது இன்னும் சரி.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும், கர்ப்பிணிகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 250. பெரியவர்கள் தாண்டக் கூடாத மேல் வரம்பு ஐரோப்பாவில் 600, அமெரிக்காவில் 1100.

இப்போது மோசமான கணக்கைப் போடுங்கள். தொட்டியில் 400 கிராம் கீரை வந்து, தெளித்த 10 மி.கி முழுக்க இலையிலேயே தங்கினால், 100 கிராமில் 2500 மைக்ரோகிராம். நடப்பில் அதில் சிறு பங்குதான் உள்ளே போகும். ஆனாலும் கழுவாத கீரையில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பது முடிவு வரும்வரை யாருக்கும் தெரியாது. அதனால் முடிவைப் பார்க்காமல் இந்தக் கீரையைச் சமைக்காதீர்கள். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் முடிவு வந்த பிறகும் வேண்டாம். 100 கிராமுக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் வந்தால் அளவு சரியாக அமைந்தது என்று நான் எடுத்துக்கொள்வேன். அதைத் தாண்டினால் அடுத்த முறை மூலக் கரைசலைப் பாதியாக்குங்கள்.

13. இரண்டாம் அறுப்பு

பாலக்கை வேரோடு பிடுங்க வேண்டாம். அடியில் இரண்டு விரல் விட்டு அறுத்தால் மூன்று வாரத்தில் மறுபடி தழைக்கும். இடையில் அயோடின் எதுவும் கொடுக்காமல், அதே வயது இலைகளை எடுத்து இன்னொரு முறை அனுப்புங்கள். ‘இலை’ தொட்டியின் எண் கீழே விழும், பழைய இலையோடு அயோடினும் போய்விட்டதே. ‘மண்’ தொட்டியின் எண்ணை ‘வெறும்’ தொட்டியோடு ஒப்பிட்டால், மண் விழுங்கியதில் எவ்வளவைத் திருப்பித் தருகிறது என்று தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண் என்றால், உங்கள் மண்ணில் அயோடினை ஒவ்வொரு அறுப்புக்கும் புதிதாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

மீதி மூலக் கரைசலை மூடி, வெளிச்சம் படாத அலமாரியில், குழந்தைகளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள். அடுத்த விதைப்புக்கு அது அப்படியே உதவும்.